ஒரு பயணத்துக்கு மட்டும்

இரவு றெயிலில் மட்டக்களப்பு வந்திறங்கினான் ஹோல்கர்.
கையில் ஒரு பெட்டிதான்.
டோர்க் ரெஞ்சு கட்டுநாயக்காவில், சுங்கத்தின் பிடியில்.
"இது என்ன ஆயுதம்?" என்று கேட்டார்களாம்.
நாலு நாள், ஏழு கடிதம்,
மறுகா ஒரு கொட்டாவியோடு விட்டார்கள்.
அதுவரை கல்லடியில் நண்டு தின்றான்,
உறைப்புக்குக் கண்ணைத் துடைத்துத் துடைத்து
என்ஜின் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தான்.

இரண்டு இருக்கை. நாற்பத்தாறு வயது.
உடம்பில் ஜெர்மன் எழுத்துகள்.
டோர்ட்முண்டில் பத்தொன்பது வருடம்
இரவில் பார்சல் ஏற்றிய காசு அது.
சிறகு கழற்றி, கொன்டெயினரில் கிடத்தி,
கப்பலில் வந்து லொறியில் ஏறியது.
சித்தாண்டி தாண்டும்போது சாரதி கேட்டான்:
"இது பறக்கிறதா, இல்ல கண்காட்சிக்கா?"
பறக்கும் என்றேன்.
சட்டத்தைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

எந்த நாட்டு எழுத்தோ
அந்த நாடு ஏற்ற ஒருவனின் ஒப்பம் வேண்டும்,
வருடம் தவறாமல்.
ஏறாவூரில் பவுசர் என்ஜினை
இருட்டிலும் பூட்டக்கூடிய ராசீக்
ஹோல்கர் வருமுன்பே காதைச் சாய்த்துச் சொன்னான்:
"மூணாவது சிலிண்டருக்கு இழுப்பு, அண்ணன்."
அளந்து பார்த்தால்
எண்பதுக்கு ஐம்பத்தொன்று.
வால்வு வழியே காற்று சீறியது.
வெளியே கச்சான் சீறியது.
கொட்டகைத் தகரம் இரண்டுக்கும் சேர்த்து அதிர்ந்தது.
ராசீக்கின் காதுக்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சிங்கப்பூரில் சிலிண்டர் இருந்தது.
தாளோடு ஒரு விலை,
தாள் இல்லாமல் அதில் கால்வாசி.
தாள் இல்லாதது என்ன, அதுவும் சிலிண்டர்தானே என்றேன்.
"இல்லை. இரும்பு" என்றான்.
பதினொரு நாள் காத்திருந்தோம் தாளுக்கு.

அந்தப் பதினொரு நாளில் அவன்
விமானத்தின் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் போனான்.
வேகம் அளக்கும் சிறு குழாய்க்குள்
குளவி மண் பூசிக் குடியிருந்தது.
கம்பியால் நோண்டி உள்ளங்கையில் காட்டினான்:
ஒரு புழு, அதன் சாப்பாட்டுக்கு இரண்டு சிலந்தி.
"இதோடு ஏறியிருந்தால்
பறக்கிறாயா விழுகிறாயா என்று
முள் உனக்குச் சொல்லியிருக்காது."
சிறகைத் தாங்கும் கம்பியின் அடியில், பல் வைத்தியனைப் போல
குட்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தான்.
நெடுநேரம் பார்த்தான்.
வாவியின் உப்பு அங்கே வேலை செய்திருந்தது.
விரல் நகத்தால் சுரண்டினான், வெள்ளைத் தூள் உதிர்ந்தது.
எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு ஒப்பம் வைக்கமாட்டானாம்.
ஒருதரத்துக்குத் தாங்கும்.

கடைசி மாலை கரண்ட் போயிற்று.
கைபேசி வெளிச்சத்தில் வேறு படிவம் விரித்தான்:
ஒரு பயணத்துக்கு மட்டும்.
பகலில் மட்டும்.
பயணி எவரும் இன்றி.
இரத்மலானையில் சுங்கம், பிறகு கடல்,
கோயம்புத்தூரில் பட்டறை.
திரும்பி வருவதுபற்றி அதில் ஒரு வரியும் இல்லை.
தொண்ணூறாம் ஆண்டு என் கையில் இருந்த தாளும்
கிட்டத்தட்ட இதே வசனம்.
அதை ஹோல்கரிடம் சொல்லவில்லை.
அவன் பேனாவை உதறிக்கொண்டிருந்தான்,
மை வரவில்லை.

வாசல் காவலில் நின்ற இஸ்ஸதீனிடம் ஓடினேன்.
வருகிற போகிற வண்டிகளின் இலக்கம் எழுதும்
நூல் கட்டிய நீலப் பேனா.
நூலை அறுத்துத் தந்தார்.
ஹோல்கரின் கையெழுத்து
நுளம்பு நசுங்கியதுபோல் அவ்வளவு சிறிது.
அதற்காகத்தான் கண்டம் தாண்டி வந்தான்.

கல்லடிப் பாலத்தை மேலிருந்து பார்க்கத்தான்
இதை வாங்கினேன்.
நாளை காலை ஆறரைக்கு,
அவன் சொட்டுக் கணக்கில் எழுதித் தந்த எரிபொருளில்
நாலு நிமிடம் களவெடுத்து
இடப்பக்கம் சாய்வேன்.
ராசீக் பாலத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறான்,
பார்க்க அல்ல, கேட்க.

இருட்டில் இஸ்ஸதீன் கூப்பிடுகிறார்:
"சேர், பேனை.
சீமெந்து லொறி ஒண்டு நிக்குது."