மாற்றம் இல்லை

மூடியைக் கழற்றினால் இன்னும்
எலுமிச்சை ஊறுகாய் மணக்கிறது.
மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவியாயிற்று.
அம்மாபேட்டை மெஸ்ஸில் கேட்டு வாங்கி
பர்வீஸ் சைக்கிள் கேரியரில் கட்டி வந்த
ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி
இப்போது ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் காடு.

அடியில், கரட்டுப் பக்கம் பொறுக்கிய வெள்ளைக்கல்.
மேலே இஸ்திரி வண்டிக் கரி.
அதை இடித்ததில் மோனிஷின் சட்டை போய்
வீட்டில் அவன் வாங்கிய அடியை
எந்த அடுக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மண்ணும் பாசியும் மலையிலிருந்து.
கௌசிகாவின் அப்பா ஏற்காடு பஸ் ஓட்டுகிறார்.
பதினெட்டாம் வளைவில்
இன்ஜின் சூடு ஆற நிறுத்தியபோது
ஈரப்பாறையில் இருந்து
தோசையைத் திருப்புகிற மாதிரி எடுத்தாராம்.
கண்டக்டர் பையில் சில்லறையோடு குலுங்கி
வளைவு வளைவாக வெயிலுக்குள்
இறங்கி வந்தது பாசி.

பதிவேடு என் பொறுப்பு.
தேதி, வெப்பநிலை, கண்டது
என்று மூன்று கட்டம்.

ஜூலை ஒன்பது. முப்பத்திரண்டு டிகிரி.
கண்ணாடி வேர்த்திருக்கிறது.
ஜூலை பத்து. முப்பத்து மூன்று.
காலையில் மழை, உள்ளே மட்டும்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்து
எட்டு நாள்.
ஜாடிக்குள் நாங்கள் முதல்நாள் ஊற்றிய
அதே இரண்டு டம்ளர்
ஏறுகிறது, இறங்குகிறது,
யாரோடும் சண்டை போடாமல்.

தருணேஷ் ஒருவருக்கும் சொல்லாமல்
நாலு ஜவ்வரிசி போட்டுவிட்டான்.
அவன் அம்மா சேகோ மில்லில் களம் வாருகிறார்;
அவன் பாக்கெட்டில் எப்போதும் நாலு இருக்கும்.
பிடிபட்டதும் கேட்டான்,
"பசிக்காதா அதுக்கு?"
எதுக்குடா என்றால்
அதற்கு அவனிடம் பதில் இல்லை.
எங்களிடமும்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கும்
பூனைக்குட்டி போல முடி முளைத்தது.
எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா?
கை தூக்கி எண்ணினோம்.
பத்தொன்பதுக்குப் பதினேழு: விட்டுவிடலாம்.
சியாமளா டீச்சர் ஓட்டுப் போடவில்லை,
ஜன்னல் ஓரம் நின்று
திருத்தாத நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த உப்பு.
பொடி உப்புத்தான், ஆனால் குதிக்கும்.
பாசியின் அடியிலிருந்து கிளம்பிப் போய்
பூஞ்சையை ஓரத்தில் இருந்து மேய்ந்தது.
யார் போட்டது என்று
முப்பத்தாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
இந்த முறை
தருணேஷ்கூட இல்லை.

ஆடிப் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை, ஒரு நாள்.
ஒட்டினாற்போல் எனக்குக் காய்ச்சல், மூன்று நாள்.
திரும்பி வந்த காலையில்
பிரேயருக்கு முன்னால், ஜாடியைப் பார்க்காமலே
நாலு கட்டத்தையும் நிரப்பினேன்:
மாற்றம் இல்லை.
மாற்றம் இல்லை.
மாற்றம் இல்லை.
நாலாவதற்கு மேற்படிக் குறி.

பிறகு குனிந்தால்
யாரும் நடாத ஒரு பெரணி.
ஊக்கு உயரம்.
நுனி சுருண்டு
காசைப் பொத்திக்கொண்ட விரல் மாதிரி.

நாலு நாளில் ஊக்கு உயரம் வராது.
அதற்கு முந்தின வாரமே மண்ணுக்குள் அது
எழுந்திருக்க வேண்டும்.
அந்த வாரம் நான் இருந்தேன்.
தினமும் பார்த்தேன்,
பார்த்துத்தான் எழுதினேன், உண்மையாக:
மாற்றம் இல்லை.

காய்ச்சல் நாட்களின் பொய்
ரப்பர் போட்டால் போய்விடும்.
இவற்றை என்ன செய்வது?

அழிக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால்
பொடி எழுத்தில் சேர்த்தேன்,
எனக்குத் தெரிந்தவரை.

ஆகஸ்ட் பதினொன்று. இருபத்தொன்பது டிகிரி.
கிட்டத்தில் முகம் வைத்ததில்
என் மூச்சுப் பட்டு ஒரு நொடி
கண்ணாடி வெளிப்பக்கமும் வேர்த்தது.
தாவணி இல்லை, கைக்குட்டை இல்லை,
முழங்கையால் துடைத்தேன்.

விரல் கொஞ்சம் திறந்திருக்கிறது.
உள்ளே காசு இல்லை,
இன்னும் சின்னதாக
இன்னொரு விரல்.