பன்னிரண்டாவது அம்பு

ஜெலுத்தோங்கில், டயர் கடைக்கு மேல்மாடியில்
ஆங்கிலப் பயிற்சிநூல்களின் படங்களுக்கு
அம்புக்குறி போடுவது என் வேலை.
இடப்பக்கம் மீன். வலப்பக்கம் கரப்பான்.
படத்துக்கு நாலு வெள்ளி.

மிஸ்டர் கூ அனுப்பிய பட்டியலில்
மீனுக்குப் பன்னிரண்டு சொற்கள்.
ஃபின். கில். டெயில். ஸ்கேல்.
சொல்லிப் பார்த்தேன்,
சாப்பிடும்போது முள்ளைத் துப்புகிற மாதிரி
ஒவ்வொன்றும் உதட்டோரம் வந்து விழுந்தது.
நாம் துடுப்பு என்றால்
பின்னாலேயே ஒரு தோணியும் வந்துவிடும்.
ஃபின்னுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை.
அது தனியாக நீந்துகிறது.

இன்று காலை சந்தையில் அஹ் லியான்
கெம்போங் மீனைத் தராசில் போட்டாள்.
தராசும் ஸ்கேல், செதிலும் ஸ்கேல்.
ஸ்கேலை ஸ்கேலில் நிறுத்தாள்,
காசை வாங்கிக்கொண்டாள்,
பிறகுதான் சுரண்டினாள்.
சாக்கடைக்குப் போன மினுமினுப்புக்கும்
பணம் கொடுத்தது நான்தான்.

ஏழாவது சொல்: லேட்டரல் லைன்.
செவுளிலிருந்து வால்வரை
பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு.
தண்ணீர் அசைந்தால் அதற்குத் தெரியுமாம்,
திரும்பிப் பார்க்க வேண்டாமாம்.
அகராதியைத் தேடவில்லை.
கொம்தாரில் ஏறி நிற்க இடமில்லாமல் நிற்கும்போது
முதுகுக்குப் பின்னால் ஒருவன்
அரையடி நெருங்குவதை
எது எனக்குச் சொல்கிறதோ, அது.
அம்பை நேராகப் போட்டேன்.
இந்தப் படத்தில் நான் தயங்காத ஒரே அம்பு.

கழுத்து பட்டியலில் இல்லை.
மீனின் தலை முடிகிற இடத்தில்
உடல் தொடங்கிவிடுகிறது.
கொடுத்துவைத்த பிறவி.
என் சங்கிலி பிப்ரவரியிலிருந்து பாஜாக் கடையில்.
கை மட்டும் பழக்கத்தில் மேலே போய்
ஒன்றையும் பிடிக்காமல் இறங்குகிறது.

பதினொன்று முடிந்தது.
பன்னிரண்டாவது சொல்: ஐலிட்.
போன பக்கத்துப் பூனையிடமிருந்து
வந்து ஒட்டிக்கொண்டது போலும்.

"மிஸ்டர் கூ, மீனுக்குக் கண்ணிமை கிடையாது."
"சுலபமான சொல்லாச்சே, எங்கேயாவது போடு."
"போட இடமில்லை."
"கண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், பார்."

பார்த்தேன்.
காலையில் ஐஸ்மேல் கிடந்தவையும்
இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தன,
கத்தியை, வாளியை, பேரம் பேசிய என்னை,
ஒன்று விடாமல்.

வெளியே மழை விட்டதும்
ஈசல் ஜன்னல் வழியே கொட்டியது.
திரை வெளிச்சத்தில் மோதி
மேசையெல்லாம் இறக்கை.
ஃபோர்விங், ஹைண்ட்விங், எனக்குத் தெரியும்.
உதிர்த்துவிட்டு எழுத்துப்பலகைமேல்
எறும்பு மாதிரி நடக்கிறதே,
அந்த முதுகில் இறக்கை இருந்த இடத்துக்கு
என்ன பெயரென்று தெரியவில்லை.
எறும்பின் இடைக்குக்கூட ஒரு பெயர் உண்டு,
இலைக்காம்புக்கும் அவர்களிடம் அதே சொல்தான்.
உடுக்கை கிடுக்கை என்று அலையவில்லை,
காம்பு என்று முடித்துவிட்டார்கள்.

எதிர் மேசையில் புனிதமலர்
பூனைக்கு வண்ணம் தீட்டியபடியே தூங்கிவிட்டாள்.
ஒரு கன்னம் மேசையில்.
பகலில் ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிறாள்,
இரவில் இங்கே.
மூடிய இமைக்குள் எதுவோ
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீந்துகிறது.

அம்பைப் பிடித்து இழுத்தேன்.
மீனைத் தாண்டி, பக்கத்தின் ஓரம் தாண்டி,
திரையின் விளிம்புவரை வந்தது.
அதற்குமேல் மென்பொருள் விடவில்லை.
இன்னும் மூன்று அடி நீண்டிருந்தால்
சரியான இடத்தைத் தொட்டிருக்கும்.

அப்படியே சேமித்து அனுப்பினேன்.
பத்து நிமிடத்தில் பதில்:
மீன் ஓகே. கரப்பானைத் தொடங்கு.

கரப்பானுக்கு ஒன்பது சொற்கள்.
எட்டாவது, ஐலிட்.