மூன்றாவது கறுப்புக் கட்டை

விழாவின் இரண்டாம் நாள் காலை
ஆர்மோனியத்தின் மூன்றாவது கறுப்புக் கட்டையை அழுத்தினால்
காற்று மட்டும் வந்தது.
மூடியைத் தூக்கிப் பார்த்தோம்.
பித்தளை நாக்கைக் காணோம்.

குரங்குதான் என்றார் செயலாளர் தணிகாசலம்.
ஏற்காட்டில் எது தொலைந்தாலும்
முதல் குற்றவாளி அதுதான்:
மூக்குக்கண்ணாடி, முறுக்குப் பொட்டலம்,
போன வருஷத்துக் கணக்கு நோட்டு.
ஆனால் எந்தக் குரங்கு
நாலு திருகையும் கழற்றிச்
சாசரில் போட்டுவிட்டுப்
பெட்டியைத் துணியால் போர்த்திவிட்டுப் போகும்?

செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டிருப்பான்
என்றார் பேக்கரி ரொசாரியோ.
கீபோர்டு வாங்கணும்னு குதிச்சது யாரு, யோசிங்க
என்றது பெண்கள் வரிசை, செயலாளர் காதுபட.
அன்றைய கச்சேரி
அந்தக் கட்டையைத் தாண்டித் தாண்டிப் போனது,
பல் விழுந்தவன் சிரிப்பு போல.

நான் மைக்செட்.
என்னை யாரும் விசாரிக்கவில்லை.
இரைச்சல் வந்தால் மட்டும்தான்
மைக்செட்காரன் பக்கம் ஊர் திரும்பும்.

முதல் நாள் இரவு அசதியில்
மேடை மைக்கை அணைக்காமல் தூங்கியிருந்தேன்.
ரெக்கார்டர் விடியவிடிய ஓடியிருந்தது.

ஹெட்ஃபோனுக்குள் ஏழு மணி நேர இருட்டு.
தகரக் கூரையில் தூறல்.
கடைசிக் கொண்டை ஊசியில்
கியர் மாற்றி மூச்சு வாங்கும் காய்கறி லாரி.
இரண்டு பத்துக்குத் தாழ்ப்பாள்.
காலடி, காலடி, டொக்.
காலடி, காலடி, டொக்.
மூன்று காலால் நடக்கிற திருடன்.
டிங். டிங். டிங்.
எதுவோ உருண்டு ஓடி, தேடி எடுத்து,
டிங்.
ஒரு தும்மல். அதற்கொரு 'சேசுவே'.
பிறகு மூடிய வாய்க்குள் ஒரு முனகல்.
பாட்டில்லை, ஒரே ஒரு சுரம்.
அந்தக் கட்டை எங்கே நிற்க வேண்டுமோ
மயிரிழை பிசகாமல் அங்கே நின்றது.

பதினோரு வருஷமாக அது
கொஞ்சம் இறங்கித்தான் பேசிவந்தது.
கோயில் பாட்டுக்குழுவும் அதோடு சேர்ந்து
இறங்கிப் பாடப் பழகிவிட்டது.
எனக்குத் தெரியும்.
ஓசியில் வந்த பெட்டி, நமக்கெதுக்கு என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் பேட்டரி வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனால்,
"காலையிலே சூசையம்மா வந்து
ஜீரோ நம்பர் உப்புத்தாள் கேட்டாங்க.
நகத்துக்கான்னேன், முறைச்சாங்க."

சூசையம்மாள்:
காபி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் தராசு கிளார்க்.
கூடையை இறக்கும் சத்தத்திலேயே
கால் கிலோ குறைவதைப் பிடித்துவிடுவார்.
வெயிலிலும் குடையை ஊன்றித்தான் நடப்பார்.

மூன்றாம் நாள் காலை
நாக்கு திரும்பியிருந்தது.
திருகுகள் இறுகியிருந்தன.
குரங்கு மனம் திருந்திவிட்டதென்று
தணிகாசலம் மேடையிலேயே அறிவித்தார்.
பலத்த கைதட்டல்.

இரவு, விசாலாட்சி பாடிக்கொண்டிருக்கையில்
பெட்டிக்காரர் விரல் அந்தக் கட்டையைத் தொட்டது.
யாரும் நிமிரவில்லை.
சரியாக இருப்பதற்கு யார் நிமிர்கிறார்கள்?
நாலாம் வரிசையில்
குடைக்காம்பின் மேல் இரண்டு கை,
கைமேல் ஒரு மோவாய்.
நான் ஆர்மோனியத்தை ஒரு நூல் ஏற்றினேன்.

வயர் சுருட்டும்போது
டொக்கென்று வந்து நின்றார்.
"உன் இடது பெட்டி இரையுது. மூணு நாளா."
"கீழே சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும்மா."
"போன வருசமும் இதத்தான் சொன்னே."

அன்றிரவு
இடது பெட்டியை ஹாலிலேயே விட்டேன்.
பக்கத்தில் ஒரு காலி சாசர்.
தாழ்ப்பாள் போடவில்லை.
ரெக்கார்டரை மட்டும்
ஞாபகமாக அணைத்தேன்.