கையிருப்புப் பதிவேடு

ஆறு உறைந்துவிட்டது என்று
ஆறு சொல்லவில்லை, எர்ச்சிமென்தான் சொன்னான்.
பனிக்கட்டிக்கு மேல் பனிக்கட்டி,
இடையில் யாருக்கும் சொல்லாமல் ஓர் ஆள் உயரத்தில் பாதி தண்ணீர்.
ஸ்னோமொபைல் மூக்கைத் தாழ்த்திக் குடித்தது.
அவன் இடுப்புவரை அதற்குள் நின்றான்
ஒரு கெட்ட வார்த்தையின் நடுவில்.

மைனஸ் நாற்பத்தொன்று.
கரைக்கு இழுத்துப் போடுவதற்குள்
அவன் கால்சட்டை தகரமாகிவிட்டது.
லைட்டர் அதன் பையில்தான் இருந்தது. சக்கரம் உரசியது, பொறி இல்லை.
தீப்பெட்டி சறுக்குவண்டியோடு போயிற்று.
கூடவே, எண்பது கிலோமீட்டர் நான் சபித்துக்கொண்டே வந்த
அவனுடைய வானொலியும்.

என் முதுகில் மருந்துப் பெட்டி.
பெர்மாங்கனேட், புண் கழுவ.
கிளிசரின், வெடித்த உதட்டுக்கு.
தனித்தனியே இரண்டும் சாதுக்கள்.
நர்சிங் விடுதியில், பத்தொன்பது வயதில்,
ஒரே அலமாரியில் இரண்டையும் கவிழ்த்துவிட்டுத்
திரைச்சீலைக்கு அபராதம் கட்டியவள் நான்.
மூன்று மாத உதவித்தொகை.
காசு கொடுத்து வாங்கிய பாடம் மறக்காது.

லார்ச் மரத்தின் கீழ்க்கிளைகள்
செத்த பிறகும் நின்றுகொண்டிருந்தன, ஒடித்தேன்.
பிர்ச் பட்டையைச் சுருள் சுருளாய் உரித்தேன்.
கருஊதா மணிகளைக் கரண்டியின் முதுகால் பொடித்துக்
குவித்து, நடுவில் விரலால் ஒரு குழி வைத்துக்
கிளிசரினைக் கவிழ்த்தேன்.

வரவில்லை.
பதம் தப்பிய பாகுபோல் புட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.
குலுக்கக் குலுக்கக் கடைசியில் ஒரு சொட்டு.
பொடி அதைப் பார்த்தது, அது பொடியைப் பார்த்தது.
முன்பின் தெரியாதவர்கள்.
விடுதியில் அப்போது கோடை.
அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கோட்டுக்குள், இடது அக்குளில்,
உறைந்துவிடக் கூடாத தடுப்பூசிகள்.
வலது அக்குளில் புட்டியைச் செருகினேன்.
கண்ணாடி சுட்டது. கத்தினேன்.
இடப்பக்கம் பதினொரு குழந்தைகள்,
வலப்பக்கம் ஒருவனுடைய இரண்டு கால்கள்.
இரண்டு கையையும் விலாவோடு இறுக்கிக்கொண்டு
சிறகு கட்டிய கோழிபோல் குதித்தேன்.

அவன் சிரித்தான், பல் தந்தியடிக்க.
பிறகு சிரிப்பு நின்றது.
நடுக்கமும் நின்றது.
நடுக்கம் நிற்பது நல்லதில்லை என்று
எனக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.
"பேசு" என்றேன்.
"எதை?"
"காலையில் வானொலியில் வந்ததை."
ஹாக்கியில் யார் தோற்றார்கள், யாகுட்ஸ்கில் மீன் என்ன விலை,
எவளோ ஒருத்திக்கு எவனோ சொன்ன பிறந்தநாள் வாழ்த்து,
ஒவ்வொன்றாய் ஒப்பித்தான், நாக்குக் குழற.
ஒரு சொல்லையும் விடாமல் கேட்டேன்.

பாகு இளகிவிட்டது. வழிந்தது.
ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்றுமில்லை.

ஒரு நூல் புகை,
யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல்.
அப்புறம் சீறல், வெள்ளை வெளிச்சம்,
அதன் ஓரத்தில் இளஊதாவாய் ஒரு நாக்கு.
பட்டை கறுத்துச் சுருண்டு
பிடித்துக்கொண்டது.

"முதலில் அதற்கு ஊட்டு" என்கிறான்,
கால் மரக்கட்டையாய்க் கிடக்கிறவன்!
எங்கள் ஜனங்கள் நெருப்பைப் பட்டினி போட்டுவிட்டுத்
தாங்கள் தின்பதில்லை.
இருந்த ஒரே ரொட்டியில் வெண்ணெய் தடவிய பக்கமாய்ப் பார்த்துக்
கிள்ளிப் போட்டேன்.
திட்டிக்கொண்டேதான் போட்டேன்.
அது வஞ்சனையில்லாமல் எடுத்துக்கொண்டது.

புகையைப் பார்த்து மான் மேய்ப்பவர்கள் வந்தார்கள்.
அவர்களுடைய கூடாரத்தில்,
பதினொன்றும் அழுது ஓய்ந்த பிறகு,
பதிவேட்டைத் திறந்தேன்.
பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஒரு புட்டி, தீர்ந்தது.
கிளிசரின், முக்கால் புட்டி.
'எதற்காக' என்ற கட்டம் இரண்டு விரற்கடை அகலம்.
பேனா எழுதவில்லை.
பழக்கதோஷத்தில் அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூலையில், கட்டுப் போட்ட கால்களை நீட்டியபடி
எர்ச்சிமென் யாரிடமோ
வானொலி இரவல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மை இளகியது. எழுதினேன்:
வெளி உபயோகம்.