முப்பத்தேழாம் நிமிடம்

ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஆறடிக்கு நாலடிக் கடை.
ரெய்டு வந்தால் புதுப்பட டிஸ்க்குகள்
டீக்கடை பாய்லருக்கு அடியில் போய்விடும்.
ஊமைப்படம் மட்டும் கல்லாமேலேயே கிடக்கும்.

"இது யாருதுடா?" என்றார் ஏட்டு.
"யாருதும் இல்லீங்க. வந்து அறுபது வருசம் தாண்டிப்போச்சு.
இனி ஊர்ப்பொது, வாய்க்காத் தண்ணியாட்டம்."
"வாய்க்காத் தண்ணிக்கே முறை உண்டுடா."
புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

பம்பாயிலிருந்து எனக்கு வந்தது
பிரதியின் பிரதியின் பிரதி.
அவள் முகம் ஈரத்தில் போட்ட கோலம்.
அட்டைக்குப் படம் கிடைக்காமல்
நகைக்கடைக் காலண்டரை ஸ்கேன் செய்தேன்,
ஓரத்தில் ஆடி அமாவாசை கொஞ்சம் தெரியும்.

சத்தமே வரலை, ரிப்பேர் டிஸ்க்கு என்று
ஏழு பேர் திருப்பித் தந்தார்கள்.
அதனால்தான் எபனேசர்.
ஞாயிறு சர்ச், முகூர்த்த நாளில் கச்சேரி.
ஐந்நூறு ரூபாய், இரண்டு கொத்துப் பரோட்டா.
கருங்கல்பாளையத்தில் என் முன்னறை ஜன்னலைச் சாத்தி
ஒரே மூச்சில் கீபோர்டு வாசித்தார்.

முப்பத்தேழாம் நிமிடம்
வாசலில் பால்காரப் பையன்:
"அக்கோவ்... பாலு!"

அழிக்கப் பார்த்தேன், இசையும் சேர்ந்து போனது.
விட்டுவிட்டேன்.
திரையில் சரியாக அப்போதுதான்
அவள் தலையைத் தூக்குகிறாள்,
தாழ்ப்பாளைத் தேடிக் கை நீள்கிறது.

போன மாசம் சேலம் ஜங்ஷன் பக்கம்
நடைபாதைக் கடையில் என் படம்.
வழவழப்பான அட்டை.
அடியில் "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே."
போட்டுக் காட்டச் சொல்லி நின்றுகொண்டே பார்த்தேன்.
முப்பத்தேழில்
"அக்கோவ்... பாலு!"

திருட்டுப் பயலே என்று
வாய்வரை வந்ததை
என் காதே முதலில் கேட்டது.

வக்கீல் பொங்கியண்ணன் சிரித்தே விட்டார்.
"படம் யாருதும் இல்ல.
வாசிப்பு எபனேசரோடது, எழுதி வாங்குனியா?
கூப்பாடு பால்காரனோடது.
நீ இதுல எங்கப்பா இருக்கறே?"

பையன் இப்போது திருப்பூரில் கட்டிங் மாஸ்டர்.
போனில் சொன்னேன், நம்பவில்லை.
"அந்த அக்கா பால் வாங்குச்சாண்ணா?" என்றான்.

முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிய சேலத்து டிஸ்க்கில்
படம் தெளிவு. எங்கோ நல்ல பிரதி பிடித்திருக்கிறான்.
அவள் கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதே
இப்போதுதான் தெரிகிறது.
கதவைத் திறக்கிறாள்.
வெளியே யாரென்று காட்டுமுன்
பிலிம் அறுந்திருக்கிறது, அதிலும்.

ராத்திரியே ஐம்பது காப்பி போட்டேன்.
அட்டைக்கு அதே பழைய காலண்டர்.