நான்கு மைல் கூடுதல்

ஞாயிற்றுக்கிழமை வழியை
ரோஸலிண்ட் டிரான்டர்தான் வரைவாள்.
முதலில் பென்சிலால், மடிப்பில் கிழிந்த வரைபடத்தின் மேல்.
பிறகுதான் அது எங்கள் கைப்பிடிகளின் குட்டித் திரையில்
ஊதா நூலாக வந்து கிடக்கும்.

எட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.
வடக்கே போனாலும் மேற்கே போனாலும்
திரும்பி வருகையில் அந்த நூல்
ஆல்டர்விக் கிராமத்தை நெருங்கியதும்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
நேரே இறங்கினால் ஒரு மைல்.
அவள் வழியில் ஐந்து.
அதில் ஒன்று, சுவரில் ஏறுவதுபோல.
"காட்சி நன்றாக இருக்கும்" என்பாள்.
காட்சி என்பது
கெல்வின் ஹாப்குட்டின் பின்புறம்,
என் மூக்கிலிருந்து சொட்டும் வியர்வை,
அது விழும் குறுக்குக் குழாய்.

யாரும் கேட்டதில்லை.
இந்தப் பக்கத்தில் கேட்காமலிருப்பதுதான் மரியாதை.
மழை வருமா என்று கேட்கலாம்.
வாரம் ஆறு நாள் தபால் போடுகிறவன் நான்,
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்றுகூடத் தெரியும்.
ஆல்டர்விக் என் வட்டத்தில் இல்லை.

ஷ்ராப்ஷயரில் மலை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.
ஏமாற்றே அதில்தான்.
மலையென்றால் ஒருமுறை ஏறி முடித்துவிடலாம்.
இவை முடியாதவை.
இறங்கின வேகம் அடுத்த மேட்டில் பாதிவரை தூக்கிவிடும்,
மீதிக்குத் தொடையிடம் கடன்.
உச்சியில் ஒரு கணம்:
கடுகுமஞ்சள் வயல், அதற்கப்பால் ஆட்டு வெள்ளை,
அதற்கப்பால் நீலமா மேகமா தெரியாத ஒன்று.
மூச்சு வந்து சேருமுன்
சாலை மறுபடி கீழே விழுந்துவிடும்.

அன்று மே மாதம்.
வேலி முழுக்க ஹாதார்ன் பூத்து
சந்துகள் குறுகியிருந்தன.
பதினொரு பேர்.
நெஸ்டா ப்ரோதரோவின் பின்சக்கரம் மட்டும்
யாரையோ திட்டுவதுபோலக் கிறீச்சிட்டது.

வழக்கமான திருப்பத்தில் சிவப்புப் பலகை.
தார் தெளித்துச் சரளை கொட்டுகிறார்களாம்.
சாலை மூடல்.
பக்கத்திலேயே மஞ்சள் பலகையில் ஓர் அம்பு,
நேர் கீழே.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது.
கெல்வின் இல்லாத முள்ளை டயரில் தேடினான்.
ரோஸ் கண்ணாடியைக் கழற்றி
ஜெர்சி நுனியில் துடைத்தாள்,
இரண்டு தரம்.
"சரி" என்றாள்.
எந்த இறக்கத்திலும் பிரேக்கை விடாதவள்
முதல் ஆளாக இறங்கினாள்.

நான் எப்போதும் கடைசி.
கடைசியில் இருப்பவனுக்கு எல்லாம் தாமதமாகத்தான் தெரியும்.
பேருந்து நிழற்குடை, தேவாலயச் சுவர்,
கதவு திறந்த ஒரு கார்,
காய்கறிச் செடிக்கு நீர் ஊற்றும் ஒருவர்.
ஒரு வீட்டை அவள் திரும்பிப் பார்ப்பாள் என்றிருந்தேன்.
ஒரு பெயர்ப்பலகையை. ஒரு கல்லறையை.
அவள் எதையும் பார்க்கவில்லை.

சுவர் வளையும் இடத்தில்
இடதுகையைத் தாழ்த்தி விரலை நீட்டினாள்.
பள்ளம் என்றால் காட்டுவோமே, அதே சைகை.
பின்னால் வந்தவளும் காட்டினாள்.
அவளுக்குப் பின்னால் வந்தவன்.
கை மாறிக் கை மாறி
அது என்னை நோக்கி வந்தது,
ஒவ்வொரு சக்கரமும் அங்கே ஒதுங்கி வளைந்தது.

நானும் வந்து பார்த்தேன்.
பள்ளம் இல்லை.
விரிசல்கூட இல்லை.
மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக,
கதவு அகலத்துக்குப் பழைய ஒட்டுத் தார்,
வழவழவென்று.

எனக்குப் பின்னால் யாருமில்லை.
ஆனாலும் கையைத் தாழ்த்தி
விரலை நீட்டினேன்.
ஒதுங்கிப் போனேன்.

தேநீர்க் கடையில் ரோஸ்
எலுமிச்சை கேக் இரண்டு துண்டு தின்றாள்,
டயரில் எவ்வளவு காற்று என்று
கெல்வினோடு சண்டை போட்டாள், வென்றாள்.
நெஸ்டா கடைக்காரரிடம் எண்ணெய் கேட்டு வாங்கி
சக்கரத்தை வாயடைக்க வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சிவப்புப் பலகை போய்விட்டது.
ஊதா நூல் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.
சுவர் மாதிரியான அந்த மைலில்
என் சங்கிலி கழன்றது.
ஆல்டர்விக் கூரைகள் கீழே தெரிந்தன,
ஒன்றில் புகை.
விரலெல்லாம் கறுப்பு மை.
மாட்டி முடித்தும் கொஞ்ச நேரம் நின்றேன்.
காட்சி நன்றாகத்தான் இருந்தது.