இருபத்தெட்டாம் இதழ்

இருபத்தேழு இப்படி முடிந்தது:
அரக்கச் சிப்பி கவ்விய இடது காலோடு
நீலச்செவுளன்.
மேலே நச்சுக்கப்பல்,
கீழே பொங்கக் காத்திருக்கும் எரிமலை.
"ஐயகோ! என் செவுள்கள் அடைபடுகின்றனவே!"
கட்டத்துக்கு வெளியே, கோணலாக: தொடரும்.

அடுத்த மாதம் பாம்பன் ஸ்டேஷன் கடைக்கு
இருபத்தொன்பதுதான் வந்தது.
அதில் அவன் சுறா முதுகில் சவாரி போகிறான்.
காலில் ஒரு கீறல்கூட இல்லை.
நடுவில் ஒன்று எங்கே என்று கேட்டேன்.
"பார்சலில் வரல பாப்பா" என்றார்,
தண்டவாளம்தான் தின்றது போல அதைப் பார்த்துக்கொண்டே.

அதற்கடுத்த வருஷம் நானே கடலில் இறங்கினேன்.
சேலைக்கு மேல் அண்ணன் சட்டை,
பாதத்தில் கட்டிய தகரத் தட்டு,
விரலுக்கு விரல் கந்தல்,
ரப்பர் வார் அறுந்து முடிச்சுப்போட்ட கண்ணாடி.
நீலச்செவுளனுக்குக் காது அடைத்ததே இல்லை.
சொறி பட்டுத் தொடை தடித்ததில்லை.
அவன் கடல் எப்போதும் ஒரே நீலம்
(அச்சகத்தில் இருந்தது இரண்டே மை),
கச்சான் கிளம்பிய நாளில்
எங்கள் கடல் கலக்கிய டீ.
வாநீவாடு, சோநீவாடு எதுவும் அவனை இழுத்ததில்லை.
வரைந்தவர் கரையிலேயே இருந்திருப்பார்.

ஆனாலும் மூச்சடக்கிப் போகும்போதெல்லாம்
அவன் கால் ஞாபகம் வரும்.

குருசடைப் பக்கம், ஒரு ஆனி மாசம்,
மரிக்கொழுந்துப் பாசிக்கு இடுக்கில் கைவிட்டேன்.
கந்தல் பாறையில் மாட்டிக்கொண்டது.
இழுத்தேன். இறுகியது.
இன்னும் இழுத்தேன்.
தலைக்கு மேல் வள்ளத்தின் அடிவயிறு,
முனியக்காவின் இரண்டு தகரக் கால்கள்,
கூப்பிட வாயில்லை.
எனக்கு வந்தது சாமி பேர் இல்லை,
வெட்கமாகத்தான் இருக்கிறது,
இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்றுதான்
நெஞ்சு அடித்தது.
அப்புறம் இழுப்பதை விட்டேன்.
அலை ஒன்று போய், அடுத்தது வருமுன்
தண்ணீர் ஒரு நொடி யோசிக்குமே,
அந்த நொடியில் கையைத் தளர்த்தினேன்.
கந்தல் அங்கேயே நின்றது.
கை வந்தது, தோல் கொஞ்சம் குறைந்து.

இந்த வைகாசியில் கீழக்கரை போனேன்.
செல்போன் கடை வைத்திருக்கும் தமீமுல் அன்சாரி
பழைய படக்கதை அத்தனையும்
கண்ணாடித்தாள் உறையில் சேர்த்திருக்கிறார்.
விலை கேட்டேன். நாலாயிரம்.
எத்தனை நடை, எத்தனை சாக்குப் பாசி என்று
கணக்குப் போடும் முகத்தைக் கண்டிருப்பார்,
"சும்மா பாருங்க" என்று கையுறை நீட்டினார்.
"கைரேகை பட்டா தாள் கெட்டுடும்."

எனக்கு ஏது ரேகை.
பாறை தின்றது போக மிச்சத்தை
ரேஷன் கடை எந்திரம்
மூன்று மாசமாகத் தேடுகிறது.
இருந்தாலும் மாட்டிக்கொண்டேன்.

முதல் பக்கம். முதல் கட்டம்.
மஞ்சள் பெட்டிக்குள் சின்ன எழுத்து:
"அரக்கச் சிப்பியிடமிருந்து
ஒருவழியாகத் தப்பிய நீலச்செவுளன்..."

அவ்வளவுதான்.
அடுத்த கட்டத்தில் கப்பலை முறைக்கிறான்.

ஒருவழியாக. எந்த வழியாக?
முப்பத்திநாலு வருஷம்
அவனுக்கும் சேர்த்து மூச்சைப் பிடித்திருக்கிறேன்,
இவர்கள் ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார்கள்.
சிரிப்பு வந்துவிட்டது.
பழசைத் தொட்டுக் கலங்கிவிட்டேன் என்று நினைத்து
அன்சாரி தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் விடிகாலை, வள்ளத்தில்,
விரலுக்குக் கந்தல் சுற்றிக்கொண்டே
சேசம்மாளிடம் முழுக்கதையும் சொன்னேன்.
நச்சுக்கப்பலைப் பற்றி அவள் கேட்கவில்லை,
எரிமலை வெடித்ததா என்றும் கேட்கவில்லை.
"அப்ப காலு எப்படித்தான் வந்துச்சாம்?"

"நான்தான் எடுத்துவிட்டேன்."

கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் துடைத்தாள்.
"கூலி தந்தானா?" என்று கேட்டுவிட்டுக்
குதித்தாள்.